பாலக்கரை ராணிக்கு ஒரு கண்

ஜூலை பத்தாம் தேதி, புதன்கிழமை. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். அவருக்குச் சர்க்கரை இல்லாமலும் எனக்கு அரைக் கரண்டி போட்டும் காபி கலந்தேன். மதியத்துக்கு முருங்கைக்காய் சாம்பார், கோவைக்காய் வறுவல். அவருடைய டப்பாவுக்குச் சிவப்பு மூடி, என்னுடையதற்குப் பச்சை. மாற்றிக் கட்டியதே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலம் வந்ததும் எல்லோரும் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். மணல்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கி, நூலகராக வேலை பார்க்கும் கல்லூரிக்கு நடந்தேன். அவர் பெயின்ட் பையோடு பாலக்கரைக்குப் போனார்.

நூலகத்தில் அன்று கூட்டம் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்கினேன். புதிதாக வந்த பத்திரிகைகளுக்கு முத்திரை குத்தினேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், நான் பார்லர் ஜெசிந்தா பேசுறேன். சார்கிட்ட நான் சொன்னா கோவிச்சுப்பார். சாயங்காலம் ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்களேன்."

"என்னாச்சு?"

"ராணி வந்துட்டாங்க. ஆனா நான் கேட்ட ராணி வரல. வேற யாரோ வந்திருக்காங்க."

பார்லருக்கு ஒரு பெயர்

என் கணவர் சண்முகத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: அவர் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாது. மழலையர் பள்ளிச் சுவரில் முயல், பல் டாக்டர் வீட்டுச் சுவரில் சிரிக்கும் பல், இப்படி ஏதாவது வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பாலக்கரையில் ஜெசிந்தா தொடங்கிய அழகு நிலையத்தின் உள்சுவர் அப்படித்தான் வந்தது. ஜெசிந்தாவுக்கு நாற்பதுக்குள்தான் இருக்கும். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். பத்து வருடங்களுக்கு மேல் இன்னொருவர் பார்லரில் புருவம் திருத்திவிட்டு இப்போதுதான் சொந்தமாகத் தொடங்குகிறாள்.

கடைக்கு 'கிளியோபாட்ரா' என்று ஏன் பெயர் வைத்தாய் என்று கேட்டேன்.

"ரோஜா, ஏஞ்சல், மயூரி எல்லாம் இந்த ரோட்டுலயே இருக்கு மேடம். இவங்க ஒருத்தவங்கதான் மிச்சம்."

வெள்ளிக்கிழமை திறப்பு. ஆடி பிறப்பதற்குள் திறந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். "எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாது. பாதர் வந்து மந்திரிச்சுக் குடுத்துருவார். ஆனா புருவம் எடுக்க வர்றவங்க ஆடி பார்ப்பாங்களே."

சுவரில் நின்றவள்

புதன்கிழமை மாலை நான் போனபோது நாற்காலிகள் இன்னும் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. தின்னர் வாசனை தொண்டையைப் பிடித்தது. அவர் ஸ்டூல் மேல் நின்று கழுத்தணிக்கு நீலம் வைத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா இடுப்பில் கை வைத்து, ஏமாந்து போனவள் போல நின்றாள்.

சுவரைப் பார்த்தேன்.

எகிப்தியர்கள் வரைகிற முறையில் தோள் நேராகவும் முகம் பக்கவாட்டிலும் திரும்பிய ஒரு பெண். பூசணிக்காயின் வரிகளைப் போலக் கூந்தலை வரிவரியாக வாரிப் பின்னால் முடிந்திருந்தாள். மூக்குத் தண்டு நடுவில் லேசாகப் புடைத்து, நுனி கீழே வளைந்திருந்தது. மோவாய் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. உடுப்பு மாம்பழ மஞ்சள். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக, உரித்த பாதாம் பருப்பைப் போலக் காலியாக இருந்தது.

அந்த மூக்கை எனக்குத் தெரியும். அந்த மோவாயையும் தெரியும். அந்த மஞ்சளை நான் உடம்பில் சுற்றியிருக்கிறேன்.

அது சுமதி அக்கா. என் கணவரின் முதல் மனைவி.

ஒரே ஒரு படம்

நான் இரண்டாந்தாரம். முப்பது வயதில் கழுத்தை நீட்டினேன். சுமதி அக்கா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்காவின் மகள் வித்யா நாலு வயதுக் குழந்தை. என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஓசூரிலிருந்து போன் செய்தால் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அதில் குறை ஒன்றும் இல்லை. அம்மா என்ற சொல் வேறொருத்திக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. காலியாகக் கிடக்கிறது, ஆனாலும் ஒதுக்கப்பட்டதுதான்.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என் மாமியார் ஒரு காரியம் செய்தார். வருகிற பெண்ணின் மனசு சங்கடப்படக் கூடாது என்று அக்காவின் போட்டோ ஆல்பம் முழுவதையும் அவள் பிறந்த வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். அந்த வீட்டில் ஒரு கூரை ஒழுகல். ஆல்பம் அதில் போய்விட்டது. என் மாமியார் நல்லதைத்தான் நினைத்தார்.

ஒரே ஒரு படம் எங்களிடம் தங்கியது, படையலுக்கு வேண்டுமே என்று. அவர் தாலி கட்டுகிற படம். அக்கா தலை குனிந்து, பக்கவாட்டில் தெரிகிறாள். இமை தாழ்ந்திருக்கிறது. கண் தெரியாது.

வருடத்தில் ஒரு நாள், ஆடியில், அந்தப் படத்தை எடுத்து வைத்துப் படையல் போடுவோம். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுப் புடவை வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்டு முடிந்ததும் அந்தப் புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பெண் நான்.

புடவை எடுக்க அவர்தான் போவார். பெரிய கடைவீதிக்குத் தனியாகப் போவார். வருடா வருடம் ஏறக்குறைய ஒரே நிறம், மாம்பழ மஞ்சள். அக்கா நல்ல சிவப்பு, அவளுக்கு அது எடுக்கும். நான் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. எனக்கு அந்த மஞ்சளைக் கட்டினால் காமாலை கண்டவள் போல் இருக்கும்.

கட்டுவேன். மடித்து பீரோவில் வைப்பேன். கீழ்த்தட்டு முழுவதும் அந்த மஞ்சள்தான். நான் பொறாமைக்காரி இல்லை என்று பலரும் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்தத் தட்டைத் திறந்து பார்த்ததில்லை.

ஆளுக்கொரு ராணி

இப்போது ராணிக்கு வருகிறேன். போன வாரம் நூலகத்துக் கரையான் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, உங்கள் தொழிலில் சுவையான விஷயம் எதுவும் கிடையாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. கிளியோபாட்ராவைத் தேடியது அதில் ஒன்று.

ஜெசிந்தா முதலில் ஒரு சினிமாப் படத்தைப் போனில் அனுப்பினாள். நெற்றியில் நேர்கோடாக வெட்டிய கறுப்பு முடி, கண்ணிமையில் மயில்நீலம், உடம்பெல்லாம் தங்கம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது அந்த நடிகை. ராணி எங்க?" என்று கேட்டார். ராணியைக் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது.

ஓவியப் புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. யாரும் எடுப்பதில்லை. ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன்.

இத்தாலிய ஓவியர் ஒருவர் அவளுக்குத் தன் ஊர்ப் பட்டுக் கவுனை மாட்டி, தங்க நிற முடி வைத்து, விருந்து மேஜையில் பந்தயத்துக்காக முத்தை வினிகரில் கரைக்க வைத்திருக்கிறார். எகிப்து வெயில் ஒரு துளிகூட அந்தப் படத்தில் இல்லை. வேறு பலர் அவள் சாகும் நேரத்தைத்தான் வரைந்திருக்கிறார்கள். மார்பில் பாம்பு, வெள்ளைத் தோள், மேலே பார்க்கும் கண். எத்தனை ஓவியர்களோ அத்தனை உடம்பு. சாகிறவளுக்கு யாரும் ஒரு நல்ல துணி கொடுக்கவில்லை.

சினிமாவும் அப்படித்தான். பேசாத படக் காலத்தில் அவள் விழியை உருட்டி ஆண்களைக் கெடுக்கிறவள். அதன் பிறகு வந்தவளுக்கு நூல் போல மெல்லிய புருவம், ஏனென்றால் அந்தக் காலத்துப் பெண்கள் அப்படி வைத்திருந்தார்கள். பிறகு வந்தவளுக்கு வண்ண இமை. இப்போது அவள் கறுப்பா வெளுப்பா என்று சண்டை போடுகிறார்கள். எந்தக் காலத்துப் பெண்ணை ஆண்களுக்குப் பிடித்திருந்ததோ அவளைக் கூப்பிட்டு வந்து மகுடம் வைத்து, இவள்தான் ராணி என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை அவரிடம் சொன்னபோது, "படம் போடறவன் மனசுல எவ இருக்காளோ அவதான் வருவா" என்றார். தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

நைல் கரைக் கோயில் ஒன்றின் சுவரில் அவள் மகனோடு நின்று சாமிக்குப் படைக்கிறாள். அங்கேயும் முகம் அவளுடையது இல்லை. எல்லா ராணிக்கும் செதுக்குகிற பொது முகம். நம் ஊர் மண்டபத் தூணில் இருக்கும் பெண்களைப் போல.

அவளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர்கள் ரோமாபுரிக்காரர்கள். அவர்களுக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் எழுதியதால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

கடைசியாகக் காசுகள் கிடைத்தன. அவள் ஆண்ட காலத்திலேயே அடித்தவை. ஒரு பக்கம் அவள் முகம், பக்கவாட்டில். வளைந்த மூக்கு, முன்னே வந்த மோவாய், வரிவரியாக வாரிய தலை. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரே நிற்பவன் உட்கார யோசிப்பான்.

அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஓரத்தில் குறித்து அவரிடம் கொடுத்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் அந்தக் காசுகள்தான். ரசம் ஆறிப்போகும். "இந்த மூக்கைப் பாரேன்" என்பார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவள் மேல் எனக்கு அப்போதே சின்னதாக ஓர் எரிச்சல் இருந்தது. காரணம் தெரியவில்லை.

கண்ணைக் கடைசியில்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் எந்த முகம் வரைந்தாலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். சாமி சிலைக்குக் கண் திறப்பது போல. முயலுக்குக்கூட அப்படித்தான். கண்ணைக் கற்பனையிலும் வரைய மாட்டார், யாரையாவது எதிரே உட்கார வைத்துத்தான் வரைவார். பள்ளிக்கூடச் சுவரில் அவர் வரைந்த சரஸ்வதிக்குச் சத்துணவு சமைக்கும் அம்மாவின் கண். அந்த அம்மா தினமும் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உலை வைப்பார்.

எகிப்தின் இன்னொரு ராணிக்கு, இவளுக்கு வெகு காலம் முந்தியவளுக்கு, நீலக் கிரீடம் வைத்த ஒரு தலைச்சிலை இருக்கிறது. உலகம் முழுவதும் பிரபலம். அதில் ஒரு கண்தான் உண்டு, மறு கண் பதிக்கப்படவில்லை. ஏன் என்று பலரும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததும், "உட்கார ஆள் கிடைச்சிருக்காது" என்றார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

மூக்கு

"வா" என்றார் ஸ்டூலிலிருந்து இறங்காமல். "நீ குடுத்த படம்தான். எப்படி வந்திருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் ஜெசிந்தா வந்துவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க மேடம். இது கிளியோபாட்ராவா? மண்ணச்சநல்லூர்லேருந்து ஒரு ரைஸ்மில்லுக்காரம்மா ஃபேஷியலுக்கு வருவாங்க. அப்படியே அவங்கதான். மூட்டை எண்ண வந்த மாதிரி நிக்கிறாங்க."

"அவங்க காலத்துக் காசும்மா. அவங்களே பார்த்துச் சரின்னு சொன்ன முகம்" என்றார் அவர்.

"அவங்களுக்குப் பார்லர் இல்ல சார். எனக்கு இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். ஜெசிந்தா அந்தச் சிரிப்பை விடவில்லை. "பெருசா ஒண்ணும் வேணாம். மூக்கை மட்டும் நேரா இழுத்து விட்டுருங்க. நெத்தியில முடியைக் கட் பண்ணி விட்டுருங்க. கதவைத் திறந்தவுடனே, ஆங், இவங்கதான்னு தெரியணும். அவ்வளவுதான்."

"ஒரு மணி நேர வேலைதான்" என்றார் அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டே. "ஆனா புஸ்தகம் பார்த்தது மல்லிகா. அவ சொல்லட்டும். மாத்தலாம்னா மாத்திடறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மாத்திடுங்க. ஒரே ஒரு சொல். நாக்கு நுனியில் இருந்தது. மூக்கு நேராகியிருக்கும். மோவாய் உள்ளே போயிருக்கும். வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு சினிமா நடிகை அந்தச் சுவரில் நின்றிருப்பாள், எனக்கு அவளால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆனால் அவர் தெரிந்து வரைந்தாரா, தெரியாமல் வரைந்தாரா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எதை?"

"இது அக்கா மூக்கு."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினார். பின்னாலேயே நடந்து, கதவில் முதுகு இடிக்கும் வரை போய் நின்றுகொண்டு பார்த்தார்.

"எந்த அக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"இவரோட மொத வீட்டுக்காரம்மா. தவறிட்டாங்க."

ஜெசிந்தா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "நான் டீ வாங்கிட்டு வரேன்" என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு இங்கிதம் உண்டு. அதை நான் எழுதாமல் விடக் கூடாது.

ரோட்டில் பஸ் ஹாரன் மாறி மாறிக் கேட்டது.

"எனக்குத் தோணவே இல்ல மல்லிகா" என்றார். அப்புறம், "அவ மூக்கு இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அவருக்கு அந்த முகம் மறந்துபோயிருந்தது. இவ்வளவு காலமும் எந்த முகத்தை அவர் மனசுக்குள் வைத்துக் கும்பிடுகிறார் என்று நான் புழுங்கினேனோ, அது அங்கே இல்லவே இல்லை. வருடா வருடம் படத்தை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த மூக்கையும் மோவாயையும் உற்று உற்றுப் பார்த்து மனப்பாடம் செய்தவள் நான். அவளை ஒரு தடவைகூட நேரில் பார்க்காத நான்.

இப்போது நானே வாயைத் திறந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். யாருக்கு அனுப்புகிறார் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வித்யா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, சூப்பரா இருக்குப்பா. யாரு இது, பார்லர் ஆன்ட்டியா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்லம்மா. ஒரு ராணி" என்றார்.

"கண்ணே இல்லையே."

"வைக்கணும்."

"சித்தி இருக்காங்களா பக்கத்துல? சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

சாப்பிட்டோம் என்றேன். இன்னும் சாப்பிடவில்லை.

பக்க எண்

ஜெசிந்தா டீயோடு வந்தாள். குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் கேட்டாள். "மேடம், இப்ப மூக்கை என்ன பண்ணலாம்? நான் வேணும்னா இப்படியே விட்டுடறேன். உங்களுக்கு எப்படியோ."

உங்களுக்கு எப்படியோ. இப்படிக் கேட்டால் என்ன சொல்வது.

எனக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இனி ஒன்றாம் நம்பர் பஸ் பாலக்கரையைத் தாண்டும்போதெல்லாம் இந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று தெரியும். ஊரில் பாதிப் பெண்கள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து புருவம் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள் இருந்தவள், இங்கே தினமும் இருப்பாள்.

ஆனால் நகலைக் கொடுத்தது நான். ஓரத்தில் பக்க எண் என் கையெழுத்தில் இருக்கிறது. ராணியின் மூக்கு இதுதானா என்று ஒருவர் நூலகரிடம் கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"காசுல இருக்கறது இதுதான்மா" என்றேன். "சரியாத்தான் போட்டிருக்கார்."

சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

"அப்ப சரி" என்றாள் ஜெசிந்தா பெருமூச்சோடு. "சார், தலையில ஒரு தங்கப் பாம்பாவது வைங்க. இல்லைன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"வைக்கிறேன்."

"கண்ணு?"

"நாளைக்குக் காலைல. கிழக்கு வெளிச்சம் நேரா விழும்போது" என்றார். சொல்லும்போது அவர் பார்வை சுவரிலேயே இருந்தது.

பஸ்ஸில்

திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் மெயின்கார்டு கேட் தாண்டியது.

"நாளைக்கு ஒரு மணி நேரம் லேட்டாப் போறியா காலேஜுக்கு?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"கண்ணுக்கு உட்காரணும். ஒரு கண்ணுதான். நேரா என்னைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா போதும்."

"அவங்க முகத்துல என் கண்ணா?"

"ராணி முகத்துல."

"இனிமே அதை ராணின்னு பார்ப்பீங்களா நீங்க?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். விரலிடுக்கில் மாம்பழ மஞ்சள் காய்ந்திருந்தது.

"அவங்களுக்கு எடுத்த புடவையை எல்லாம் நான் கட்டியாச்சு" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. எதிர் சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "கண்ணைக் குடுக்க மாட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினார். பஸ் பாலத்தில் ஏறியது.

"சரி. ஜெசிந்தாவையே உட்காரச் சொல்லிடறேன்" என்றார். "அந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்லா நீளமா இருக்கு. கோயில் சிற்பத்துல வர்ற மாதிரி, காது வரைக்கும் போறாப்ல."

என்னைச் சீண்டுவதற்காக அவர் சொல்லவில்லை. அந்த வித்தை அவருக்குத் தெரியாது. டிராயிங் மாஸ்டர் ஒரு கண்ணை அளந்து சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆனால் அளந்திருக்கிறார். ஒரு வாரமாக அந்தக் கடையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, நீளம் எவ்வளவு, எதுவரை போகிறது என்று பார்த்திருக்கிறார். என் கண்ணின் நீளம் என்ன என்று கேட்டால் சொல்லுவாரா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

பச்சை

ராத்திரிக்குத் தோசை வார்த்தேன். மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் வைத்தேன். சட்னி அரைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை புடவை எடுக்கப் போகணும்" என்றார். ஆடிப் படையலுக்கு.

"இந்தத் தடவை நான் போறேன்."

"நீயா?"

"கட்டப் போறது நான்தானே. பச்சை எடுக்கப் போறேன். அரக்கு பார்டர்."

"அவளுக்குப் பச்சை..." என்று ஆரம்பித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். அடுத்த விள்ளலைப் பொடியில் தோய்த்தார். "சரி. உனக்கு நல்லாருக்கும்" என்றார்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்பு மேடையைத் துடைத்தேன். நாட்குறிப்பில் அன்றைய செலவு, சாம்பார், வந்த பத்திரிகைகள், ஜெசிந்தாவின் போன் எல்லாம் எழுதினேன். மூக்கைப் பற்றி எழுதவில்லை. படுத்துக்கொண்டேன்.

சுவரில் ஒரு பெண் நிற்கிறாள். மூக்கு சுமதி அக்காவுடையது. மோவாய் சுமதி அக்காவுடையது. நிறம் அவளுடையது. அதில் ஜெசிந்தாவின் நீளமான கண். என் கணவர் அதை வரைந்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறார். இறந்துபோனவள் ஒருத்தி, இருப்பவள் ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே முகத்தில். நான் அந்தச் சமயம் நூலகத்தில் பத்திரிகைக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன்.

புரண்டு படுத்தேன். அவர் நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலை எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்னால், முதல் வேலையாக ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன்.

"எழுந்துட்டியாம்மா? கடைச் சாவியை மாடி வீட்டுல குடுத்து வச்சிடு. நீ வர வேணாம்."

"ஏன் மேடம்? சார் ராத்திரியே மெசேஜ் போட்டாரே, கண்ணுக்கு உட்காரணும்னு. நான் இப்பவே ஐலைனர் போட்டு ரெடியா இருக்கேன்."

"தெரியும்" என்றேன். "நான் உட்கார்றேன்."